தன்பால் காட்டும் பொறை

(தசலட்சண விழாவின் முதல் நாளில் ஆற்றிய உரை)



இந்நாளுக்குரிய அறம் உத்தம க்ஷமை. தமிழில் பொறை என்போம். பிறர் பிழையைப் பொறுப்பது பற்றி ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். தம் பிழையைத் தாமே பொறுக்கமாட்டாது வாடுவோரைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன்.

படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பேணும் ஒரு மருமகளை எண்ணிப் பாருங்கள். இத்தகையோர் நம் ஊர்களில் பலர். இரவில் மும்முறை எழுகிறார், துணி மாற்றுகிறார், விடியலில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். ஒருநாள் சோர்வு மிகுந்து, கஞ்சியைத் தட்டிவிட்ட முதியவரிடம் கடுஞ்சொல் ஒன்றைச் சொல்லிவிடுகிறார். அன்றிரவு உறக்கமில்லை. ‘சினந்து பேசிவிட்டேன்’ என்று தொடங்கிய எண்ணம், ‘நான் கல்நெஞ்சக்காரி’ என்று வளர்ந்து, ‘எதற்கும் தகுதியற்றவள்’ என்பதில் போய் நிற்கிறது. மறுநாளும் அதே சோர்வு, அதே சினம். தம்மை ஏசிக்கொண்டதால் மாமியாருக்கு யாதொரு நன்மையும் விளையவில்லை.

இவ்வேச்சை மனச்சான்றின் குரல் என்று நாம் மதித்துவிடுகிறோம். நம் ஆசாரியர்கள் அவ்வாறு மதிக்கவில்லை. தத்துவார்த்த சூத்திரம் தியானத்தை நால்வகையாகப் பகுக்கிறது. துன்பத்தையே நினைந்து நினைந்து உழலும் ஆர்த்தமும் அவற்றுள் ஒன்று; ஆனால் வீடுபேற்றுக்கு ஏதுவானவை பின்னிரண்டு தியானங்களே என்று அந்நூல் வரையறுத்துவிடுகிறது. அமிர்தசந்திர சூரியோ புருஷார்த்த சித்தியுபாயத்தில், கஷாயம் எழுந்தவன் முதலில் ஊறுபடுத்துவது தன்னைத்தான் என்று காட்டுகிறார். எறும்புக்கு வழிவிட்டு நடக்கும் நாம், நம்முள் இருக்கும் உயிரை மட்டும் இரவெல்லாம் மிதிக்கலாமோ?

அப்படியாயின் பிழையைக் கண்டும் காணாமல் விடுவதா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்குத்தான் பிரதிக்கிரமணம் இருக்கிறது. பிழையைப் பெயர் சுட்டிச் சொல்கிறோம், வருந்துகிறோம், இனிச் செய்யேன் என்று உறுதி கொள்கிறோம். காயோத்சர்க்கத்தில் நின்று, 27 மூச்சில் 9 முறை நமஸ்கார மந்திரத்தை நினைக்கிறோம். பிறகு அடுத்த கடமைக்குச் சென்றுவிடுகிறோம். கணக்குப் பார்ப்பதற்கு ஒரு முடிவு உண்டு. ஏச்சுக்குத்தான் முடிவே இல்லை.

ஒரு சொல்லாராய்ச்சி, தமிழாசிரியன் வழக்கம், பொறுத்தருள்க. ‘தன்னிரக்கம்’ என்றால் தன் துன்பமே பெரிதென்று புலம்புவதாகப் பொருள்பட்டுவிட்டது. ஆதலின் ‘தன்பரிவு’ என்றே நான் சொல்வேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் இதனை அளக்க ஓர் அளவுகோலே வகுத்தார். தன்னிடம் கனிவு, பிழை மாந்தர்க்குப் பொது என்னும் உணர்வு, எழுந்த எண்ணத்தில் மூழ்காமல் அதனை நோக்கும் விழிப்பு ஆகியன அவர் கூறும் கூறுகள்.

கனிவு காட்டினால் பிள்ளைகள் சோம்பிவிடுவர் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. முதல் தேர்வில் சறுக்கிய பின் தம்மிடம் பரிவு கொள்ளுமாறு தூண்டப்பெற்ற மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தனர்.

அந்த மருமகளிடம் மீள்வோம். ‘உன்னை நீயே நொந்துகொள்ளாதே’ என்று அவரிடம் சொல்லிவிட்டு நாம் உறங்கப் போய்விடுவது பரிவாகாது. உறக்கமிழந்தவர்க்குச் சொல் மட்டும் போதாது. கணவரும் நாத்தனாரும் வாரத்தில் 2 இரவேனும் அம்முதியவரின் கட்டிலருகே படுத்துக்கொள்ளட்டும். யாருக்கு எந்த இரவு என்பதை இன்று வீடு திரும்பியதும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.