மலையடியில் மீண்ட காப்பியம்

(ஏர்க்காட்டில் நடைபெற்ற இசைத்தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘நாடகப் பாட்டும் திரைப்பாட்டும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். தமிழாசிரியனுக்குத் திரைப்பாட்டில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணலாம். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே எண்ணியவன்தான். அந்த எண்ணத்தால் நான் செய்த பிழையொன்றை இந்த அவையில் ஒப்புக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

முதலில் நாடக மேடையைப் பார்ப்போம். தவத்திரு சங்கரதாசு அடிகள் 1867இல் பிறந்து 1922இல் மறைந்தார். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி என்று அவர் யாத்த நாடகங்கள் ஊர்தோறும் விடிய விடிய நடந்தன. இசையரங்குகளில் தெலுங்குப் பாட்டே கோலோச்சிய காலம் அது. தமிழில் பாடினால் ‘துக்கடா’ என்று ஒதுக்கி, அரங்கின் கடைசியில் இடங்கொடுத்த காலம் அது. அந்நாளில் எழுத்தறியா உழவனுக்கும் மூட்டை சுமந்தவனுக்கும் தமிழில் இசை கேட்கும் பேற்றைத் தந்தது எது? கீற்றுக் கொட்டகை நாடகமேயன்றோ! கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் அம்மையார், ஒலிபெருக்கி இல்லாத அரங்குகளில் கடைக்கோடியில் இருந்தவர்க்கும் சொல் சிதையாமல் கேட்கப் பாடினார். சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது 1943இல். அதற்குப் பல்லாண்டு முன்னரே தமிழிசையைக் காத்தவர்கள் நாடகக்காரர்கள். நாம் இதை நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

இனித் திரைக்கு வருவோம். நம் மலையின் விளிம்பில், ‘லேடீசு சீட்’ என்று வெள்ளையர் பெயரிட்டுச் சென்ற பாறையில் நின்று இரவில் கீழே பாருங்கள். சேலம் நகரத்து விளக்குகள் விண்மீன் கூட்டம்போல் மின்னும். அவற்றிடையே, மலையடியில், ஏர்க்காட்டுச் சாலையோரம் ஒரு கலையகம் இருந்தது. ‘மாடர்ன் தியேட்டர்சு’ என்பது அதன் பெயர். பெயர்தான் ஆங்கிலம், அங்குப் பிறந்தவையோ பெரும்பாலும் தமிழ்ப்படங்கள். இங்கிலாந்து சென்று துணித்தொழில் கற்று மீண்ட திருச்செங்கோட்டுச் சுந்தரனார் 1935இல் அதை நிறுவினார். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கு உருவாயின. மலையாளத்தின் முதற் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் வந்ததும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வந்ததும் அங்கிருந்துதான். 1963இல் சுந்தரனார் மறைந்தார். காலப்போக்கில் கலையகமும் ஓய்ந்தது. இன்று அதன் நுழைவளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது.

அந்த வளைவுக்குள் நாள்தோறும் நுழைந்து வெளிவந்தவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். தச்சுத் தொழிலாளி, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அரண்மனைத் தூண்களையும் அரியணைகளையும் பலகையால் செய்து கொடுத்தவர். வேலை நின்றபின் மலைக்கு வந்து, காப்பித் தோட்டங்களில் கதவும் சன்னலும் செய்து எங்களை வளர்த்தார். உளியைத் தட்டும்போதெல்லாம் ஒரே பாட்டை முணுமுணுப்பார். அது ‘மந்திரிகுமாரி’ படத்தில், கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும்போது பாடப்படும் பாட்டு. திருச்சி உலோகநாதனும் சிக்கி அம்மையாரும் பாடியது, இசையமைத்தவர் சி. இராமநாதன்.

நான் புலவர் பட்டம் பெற்று, 1990இல் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. திரைப்படமே பார்ப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தேன். ஒருநாள் மாலை, வீட்டுத் திண்ணையில் மாணவர் சிலர் பாடங்கேட்க வந்திருந்தனர். உள்ளே தந்தையார் வழக்கம்போல் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு நாணமாயிற்று. உள்ளே சென்று, “அப்பா, பாடம் நடக்கும் வீடு இது. இந்தத் திரைப்பாட்டையெல்லாம் இனி இங்கே பாடாதீர்கள்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றோடு பாட்டு நின்றது.

ஓராண்டு கழிந்தது. அதே திண்ணையில் ஐம்பெருங் காப்பியங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிந்தாமணியை 1887இலும், சிலம்பை 1892இலும், மணிமேகலையை 1898இலும் உ.வே. சாமிநாதர் அச்சேற்றினார். வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவேயில்லை. நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசியில் புறத்திரட்டு காத்துத் தந்தவை 19 பாடல்களே. வளையாபதியில் எஞ்சியவை 72 அளவில். குண்டலகேசியின் கதையையே நாம் நீலகேசி உரையின் வழியாகத்தான் அறிகிறோம். கொலைத் தண்டனை பெற்ற கள்வன்மேல் வணிகன் மகள் காதல் கொள்கிறாள். அவனை மீட்டு மணக்கிறாள். அவனோ அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். இவ்வளவும் சொல்லி நிறுத்தினேன்.

அப்போது கதவோரம் நின்றிருந்த தந்தையார் மெல்லக் கேட்டார்: “கண்ணு, அந்தப் பெண் சாகும் முன்னே கணவனைச் சுற்றிக் கும்பிட வேண்டும் என்று கேட்டு, மூன்று சுற்று வந்து, அவனைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவாள், அதுதானே?”

நான் திகைத்தேன். “உங்களுக்கு எப்படித் தெரியும், அப்பா?”

“நீ பாடாதே என்றாயே, அந்தப் பாட்டு வருகிற இடந்தான் கண்ணு அது.”

என் தலை தாழ்ந்தது. கலைஞர் கருணாநிதி உரையாடல் எழுதி, 1950இல் வெளிவந்த அப்படம் குண்டலகேசியின் அந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டது என்பதைக் கல்லூரியில் பயின்ற நான் அறிந்திருக்கவில்லை. உளி பிடித்த கைக்கு அக்கதை தெரிந்திருந்தது. ஏட்டில் அழிந்த காப்பியம் ஏழைத் தச்சரின் நாவில் வாழ்ந்திருந்தது. அதை வாயடைக்கச் செய்தவன் தமிழாசிரியனாகிய நான்! “ஒருமுறை பாடுங்கள் அப்பா” என்றேன். “தொண்டை போய்விட்டது கண்ணு” என்று சிரித்தார். அதன்பின் அவர் பாடி நான் கேட்டதில்லை. 1994இல் மறைந்தார்.

அதன்பிறகே அந்தக் கலையகத்தின் தமிழ்ப்பணியைத் தேடிப் படித்தேன். பாவேந்தர் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ அங்கு 1950இல் ‘பொன்முடி’ ஆயிற்று. 1952இல் ‘வளையாபதி’யும் வெளிவந்தது, அதற்கு உரையாடல் எழுதியவர் பாவேந்தரே. கிடைக்காமற்போன காப்பியங்கள் இரண்டும் நம் மலையடியிலேயே திரையில் மீண்டன என்பது எத்துணைப் பெரிய செய்தி! ‘பொன்முடி’யையும் ‘மந்திரிகுமாரி’யையும் இயக்கிய எல்லிசு டங்கன் தமிழறியாத அமெரிக்கர். ‘மந்திரிகுமாரி’யில் பாடிய டி.எம். சௌந்தரராசனின் வீட்டுமொழி சௌராட்டிரம். சிக்கி அம்மையாரின் தாய்மொழி தெலுங்கு. தமிழைத் தம் தொழிலின் மொழியாக ஏற்றவர்கள் சொல்லைத் திருத்தமாக ஒலித்தார்கள். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நம் பிள்ளைகள் இன்று ழகரத்தை விழுங்குகிறார்கள். இதற்கு யாரை நோவது?

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வடநாட்டுத் திரைமெட்டுகளை அப்படியே எடுத்து, அவற்றுக்குச் சொல்லடுக்கிய பாட்டுகள் அந்நாளிலும் உண்டு. புத்தநெறி பரப்பிய காப்பியம் திரையில் அரண்மனைச் சூழ்ச்சிக் கதையாக மாறியதும் உண்மை. ஆயினும் மருதகாசியும், கா.மு. செரீபும், உடுமலை நாராயணகவியும் பொருள் விளங்கும் தமிழில் எழுதினர். இசைக்கருவிகள் சொல்லுக்கு வழிவிட்டன. இன்றைய பாட்டுகள் பலவற்றில் பாதி ஆங்கிலம், மீதி இரைச்சல். அதைப் பழித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. நல்லதை நாம் எடுத்துக் கொடுத்தோமா என்பதே கேள்வி.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

ஒன்று: ஆசிரியத் தோழர்களே, ஐம்பெருங் காப்பியம் நடத்தும் நாளில் அந்த மலையுச்சிப் பாட்டை வகுப்பில் ஒலிக்கச் செய்யுங்கள். பதினைந்து ஆண்டுகளாக நான் அவ்வாறு செய்து வருகிறேன். குண்டலகேசியை மறந்த மாணவரை அதன்பின் நான் கண்டதில்லை.

இரண்டு: பழைய நாடகத்திலும் கலையகத்திலும் உழைத்த முதியோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். சேர்வராயன் கோயில் விழாவில் பாடும் மலைவாழ் மக்களின் மூத்தோரும் இருக்கின்றனர். அவர்கள் பாடுவதைக் கைப்பேசியிலேனும் பதிந்து வையுங்கள்.

மூன்று: உங்கள் வீட்டுப் பெரியவர் எந்தப் பாட்டை முணுமுணுத்தாலும், அது எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். அதன்பின் தீர்ப்புச் சொல்லுங்கள். நான் கேளாமல் தீர்ப்புச் சொன்னேன். அதன் விலையை இன்றும் செலுத்திக்கொண்டிருக்கிறேன்.

தமிழ் ஏட்டில் மட்டும் வாழ்வதில்லை. உழைக்கும் மக்களின் நாவிலும் வாழ்கிறது. அந்த நாவை நாம் அடக்காதிருப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க இசைத்தமிழ்!