ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள்

கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகிறீர்களா? ஒரு தகவல்.

முந்தானை ஓரத்தில் ஒரே ஒரு இழையை உருவிக் கொளுத்துங்கள். இழையை மட்டும், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு! தலைமுடி கருகிய வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தால் அது பட்டு. உருகி, கெட்டியாக உருண்டு நின்றால் பாலியஸ்டர்.

பட்டு, நம் முடியைப் போல ஒரு புரதம். மண்ணில் மக்கும். பாலியஸ்டர் பெட்ரோலியத்தில் பிறந்தது. மக்காது. துவைக்கத் துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் விடும்.

அதற்காகப் பட்டு பாவமே அறியாதது என்று சொல்ல மாட்டேன். புழுவைக் கூட்டோடு வேகவைத்துத்தான் நூல் எடுக்கிறார்கள். நூலின் பசை போக, சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். அப்புறம் சாயம். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் விட்டால், ஊர் நடுவே ஓடும் வேகவதி ஆறுதான் அதைச் சுமக்க வேண்டும்.

ஆனால் காஞ்சிபுரத்து நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துக் கைத்தறி ஓட மின்சாரம் வேண்டாம். நல்ல பட்டு, பாட்டி கட்டி, அம்மா கட்டி, பேத்திக்கும் வரும்.

கடைக்குக் கிளம்பும் முன் பாட்டியின் பெட்டியைத் திறந்து பாருங்கள்.