ஆடலின் ஏடு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பாட்டெழுதுவோர் நிறைந்த அவையில் ஆடலின் வரலாறு பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். புலவர் மறைந்தாலும் பாட்டு ஏட்டில் நிற்கும். ஆடியவரும் அவரிடம் கற்றவரும் மறைந்துவிட்டால் ஆடல் எங்கே நிற்கும்? இந்த ஒரு வினாவையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். மாதவி ஏறிய அரங்கு அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என அளந்து தருகிறார் இளங்கோவடிகள். அவள் ஆடிய பதினோர் ஆடல்களையும் கூறுகிறார். அந்த அரங்கை இன்றும் கட்டிவிடலாம். அவற்றுள் ஓர் ஆடலையேனும் அவள் ஆடியவாறே ஆடிக்காட்ட எவராலும் இயலாது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவோம். முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் மனையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் தரும் பங்கும் அளித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அவர்தம் பெயர்களும் அதில் உள்ளன. அக்கோயிலின் மேல்தளத்தில் 108 கரணங்களுள் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. கல்லில் நிலை உண்டு. ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குச் செல்லும் அசைவு இல்லை.

கடல் கடந்த நாடுகளிலும் இதே கதைதான். ஹவாய்த் தீவுகளின் முன்னோர்க்கு எழுத்து இல்லை. குலவரலாறும் தெய்வ வாழ்த்தும் ஹூலா ஆடலிலும் அதனோடு ஓதும் பாட்டிலும் வாழ்ந்தன. கிறித்துவம் தழுவிய அரசியார் காஹுமானு 1830இல் ஹூலாவைப் பொதுவிடங்களில் ஆடலாகாது என்றார். ஊர்ப்புறங்களில் அது மறைவாகத் தொடர்ந்தது. 1883இல் மன்னர் கலாகாவாவின் முடிசூட்டு விழாவில் மீண்டும் அனைவரும் காண ஆடப்பெற்றது. இடைப்பட்ட 53 ஆண்டுகளிலும் அதனைத் தாங்கியவை மனித உடல்களே.

கம்போடியாவின் துயரம் கொடிது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அரசவை ஆடற்கலைஞருள் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சியவர்கள் கூடி, தத்தம் நினைவிலிருந்ததைச் சேர்த்துச் சிறுமியருக்குக் கற்பித்தார்கள். 2003இல் யுனெஸ்கோ அக்கலையை மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

இனி நம் வீடு. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தால் ஒழித்தது. அது வேண்டிய சட்டமே. ஆயினும் சதிரைப் பரதநாட்டியமாக மேடையேற்றிக் கொண்டாடிய நாம், அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். பாலசரசுவதி அம்மையார் போன்ற மிகச் சிலரே மேடையில் நிலைத்தனர். ஏனையோர் பழி அஞ்சிச் சலங்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். தாம் ஆடியவர் என்பதைப் பேரப்பிள்ளைகளிடமும் சொல்லாத பாட்டிமார் இருந்தனர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட 400 பெண்களின் பெயர்களைக் கல் காத்துத் தந்திருக்கிறது. நேற்றுவரை நம் தெருவில் வாழ்ந்தவர்களின் பெயர்களை யார் காத்தார்கள்?

கவிஞர்களே, அசைவை எழுத்தில் பிடிக்க நம்மால் ஆகாது. பெயரை எழுதலாம், ஊரை எழுதலாம், எவரிடம் கற்றார், எந்தப் பதத்திற்கு ஆடினார் என்று கேட்டு எழுதலாம். அந்த மரபை நினைவில் வைத்திருக்கும் முதியோர் உங்கள் ஊரில் இருப்பின், இந்த ஆண்டே சென்று அவர் எதிரில் அமருங்கள். நம் வட்டத்தின் அடுத்த மலரில் அதற்கெனச் சில பக்கங்கள் ஒதுக்க வேண்டுகிறேன்.