பொதுப்பணத்தில் பிறந்த மருந்து யாருக்குச் சொந்தம்?



பல்கலைக்கழகமும் தொழில்துறையும் கைகோத்தால் புதுமை பெருகும் என்ற முழக்கம் இன்று ஓயாமல் ஒலிக்கிறது. கைகோப்பதை இடதுசாரிகள் எதிர்க்கவில்லை. ஆய்வகத்தில் கண்டது ஆலைக்குச் செல்லாமல் மக்களிடம் சேராது. ஆனால், அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை எழுதுவது யார்?

ஸ்டாவுடின் என்ற எய்ட்ஸ் மருந்தை எடுத்துக்கொள்வோம். 1966-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய்க்கு மருந்து தேடி, அரசு நிதியில், இந்தச் சேர்மத்தை உருவாக்கினார். அன்று அது பயன்படவில்லை. 1980-களில் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் புருசாப்பும் டாய்-ஷுன் லின்னும் அது எச்.ஐ.வி.யைத் தடுக்கும் எனக் கண்டனர். இதற்கிடையே 1980-இல் பே-டோல் சட்டம் வந்திருந்தது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுக்குப் பல்கலைக்கழகமே காப்புரிமை பெற்று, அதைத் தனியாருக்கு உரிமமாக வழங்கலாம் என்றது அச்சட்டம். யேல் காப்புரிமை பெற்றது. பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்கு ஏகபோக உரிமம் கொடுத்தது. 1994-இல் மருந்து சந்தைக்கு வந்தது.

2001 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்க நோயாளிகளுக்காக மலிவான மாற்று மருந்தை இறக்குமதி செய்ய, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலிடம் அனுமதி கேட்டது. உரிமம் நிறுவனத்தின் கையில் இருப்பதால் பதிலளிக்க வேண்டியதும் அதுவே என்று பல்கலைக்கழகம் ஒதுங்கிக்கொண்டது. காப்புரிமையின் சொந்தக்காரர் சொன்ன பதில் இது! மாணவர்களும் ஆசிரியர்களும் கையெழுத்து இயக்கம் நடத்தினர். புருசாப்பே பத்திரிகையில் எழுதினார். மார்ச் மாதத்தில், தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தப்போவதில்லை என நிறுவனம் அறிவித்தது.

அந்த மலிவு மருந்து எங்கிருந்து வந்தது? அதே பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா, ஸ்டாவுடின் அடங்கிய மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சையை ஓராண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் கூட்டுச் சிகிச்சைக்கு மேலை நாடுகளில் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானது. சிப்லாவும் முதலாளித்துவ நிறுவனம்தான். ஆனால் மருந்துப் பொருளுக்கன்றிச் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாதிருந்தால், அதன் திறமை இங்கே உதவியிராது. 2005-இல் பொருள் காப்புரிமை நுழைந்தபோது இடதுசாரிகள் போராடிப் பெற்றவற்றுள் 3(டி) பிரிவும் ஒன்று.

2008 டிசம்பரில் பே-டோல் பாணியிலான மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. கடும் விமர்சனத்துக்குப் பின் சட்டமாகாமலே திரும்பப் பெறப்பட்டது. எனினும் பல்கலைக்கழகங்கள் நிறுவனங்களோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்யத் தடையேதுமில்லை. ஆகவே ஆசிரியர், மாணவர் சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த ஒப்பந்தத்தின் நகலைத்தான்: உரிமம் ஏகபோகமா, விலைக்கு வரம்பு உண்டா, நெருக்கடியில் அரசு தலையிட இடமுண்டா?