முதற் படகும் மலிவு விலையும்

(திருமானூர்ப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காகச் செய்யப்பெற்ற பிரசங்கம்)



உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் குடியானவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், மாடறிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்கிறான். இவ்வளவும் ஆன பிறகே துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறான். அதே குடியானவன், கொள்ளிடத்திலோ ஏரியிலோ மீன் பிடித்துக் குடும்பத்துக்கு மேல்வரும்படி தேடலாமென்று முதன்முதலாக ஒரு பழைய படகு வாங்கப் புறப்படும்போது, விலையை மட்டும் கேட்டு, மேற்பூச்சை மட்டும் பார்த்து, முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். மாடு படுத்துவிட்டால் உழவு நிற்கும். வேறு மாடு இரவல் வாங்கலாம். படகு நடு ஆற்றில் படுத்துவிட்டால் அதிலிருப்பவனுக்கு இரவல் வாங்க அவகாசமில்லை.

படகைப் பார்ப்பதற்கு முன்னே அது மிதக்கப் போகும் தண்ணீரைப் பார்ப்பது முறை. திருமானூர் கொள்ளிடத்தின் வடகரையில் இருப்பது. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் பாசனத்துக்கு மிஞ்சிய வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும் ஆறு. 1836-ல் அணைக்கரையில் கீழணை கட்டப்பெற்றது. 1934-ல் மேட்டூர் அணை திறக்கப்பெற்றது. அதன் பின்னர் இவ்வாற்றில் எப்பொழுது எவ்வளவு நீர் வரும் என்பது மழையை மட்டுமன்றி, மேலே திறக்கும் மதகுகளையும் பொறுத்ததாயிற்று. ஆண்டில் பல மாதம் திருமானூர்ப் பாலத்தின்மேல் நின்று பார்ப்பவனுக்கு மணற்பரப்பும், அதனூடே இரண்டொரு கால்வாய் போன்ற ஓட்டமும், அங்கங்கே மடுவுமே தென்படும். மேட்டூர் நிரம்பி உபரி நீர் விடப்பட்டால் அந்த மணல் முழுவதும் மறைந்துபோகும். 2018 ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தை இப்பக்கத்தார் மறந்திரார். அம்மாதத்தில்தான் திருச்சிராப்பள்ளிக்கருகே கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் 45 மதகுகளுள் 9 உடைந்து போயின.

ஆகவே இந்த ஆற்றுக்கு வேண்டிய படகு, முழங்காலளவு நீரிலும் தரை தட்டாமல் செல்ல வேண்டும். தண்ணீர் வற்றினால் இரண்டு பேர் தூக்கிக் கரையேற்றக் கூடியதாக இருக்க வேண்டும். வெள்ளம் வருகிறதென்று அறிவிப்புக் கேட்ட மாத்திரத்தில் மேட்டுக்குக் கொண்டுபோகத் தக்கதாக இருக்க வேண்டும். மணல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் மறைந்திருப்பதால், இறங்கி நடந்து தள்ளிச் செல்லலாமென்று எண்ணுவதும் பிழை. கீழே அணைக்கரைப் பக்கத்தில் முதலைகளும் உண்டு.

இவ்வளவு சொல்லக் காரணம், மலிவாக வரும் பழைய படகுகளிற் பல கடற்கரையிலிருந்து வருபவை. நாகப்பட்டினம், காரைக்கால் முதலிய துறைகளில் ஓடும் பைபர் படகு ஏறத்தாழ 28 அடி நீளமுள்ளது. அலையை வெட்டிச் செல்வதற்கும், எஞ்சின் பூட்டுவதற்கும், நாலைந்து பேர் ஏறிப் பெருவலை இழுப்பதற்கும் ஏற்றவாறு அமைந்தது. அதைக் கொள்ளிடத்து மணலில் கொண்டுவந்து நிறுத்தினால் இழுத்துத் தள்ளவே ஒரு கூட்டம் வேண்டும். விலை குறைவென்று வாங்கிய அப்படகு பத்து மாதம் கரையிற் கவிழ்ந்து கிடந்து வெயிலில் வெடிப்பதையே காணலாம். சோளக்கொல்லைக்கு வண்டி மாடு போதும்; தேர் இழுக்கும் வடம் எதற்கு? 14 அல்லது 15 அடிக்கு மேற்படாத, அடி தட்டையான, கழி ஊன்றியும் துடுப்பு வலித்தும் செல்லத்தக்க சிறு படகே இங்கு முதற் படகாவதற்கு உரியது. காவிரியின் மேற்பகுதியில், மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் ஒகேனக்கலிலும், மீனவர்கள் பரிசலையே நம்பிப் பிழைக்கின்றனர். மூங்கிற் பிளாச்சுகளைப் பின்னி, முன்னாளில் தோலும் இந்நாளில் பிளாஸ்டிக் தாளும் தாரும் கொண்டு மூடிய அந்த வட்டக்கலத்தை ஒருவனே முதுகிற் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். ஆனால் பழைய பரிசல் வாங்குவதில் லாபமில்லை. மூங்கில் உளுத்துவிட்டால் மேலே எத்தனை முறை தார் பூசினாலும் பயனில்லை. பரிசலாயின் புதிதே நன்று.

இனி, பழைய படகைச் சோதிக்கும் முறை. மரப்படகாயின் கையில் ஒரு கூரான பேனாக்கத்தியும் சிறு சுத்தியலும் எடுத்துச் செல்க. அடிப்பலகையிலும், பலகையும் வங்குக் கால்களும் சேருமிடங்களிலும், மழைநீர் தங்கும் மூலைகளிலும் கத்திமுனையை அழுத்திப் பார்த்தால், நல்ல மரம் எதிர்த்து நிற்கும். உளுத்த மரம் வெண்ணெய் போல் இடங்கொடுக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல பலகை கணீரென்றும் கெட்டது பொத்தென்றும் பேசும். பானை வாங்கும் பெண்டிர் சுண்டிப் பார்த்தே வாங்குவதை இங்கு நினைவுகூரலாம். கடலில் ஓடிய மரமாயின் கப்பற்புழுவின் தொல்லை உண்டு. அப்புழு நுழைந்த வாயில் ஊசித்துளை அளவே இருக்கும்; உள்ளேயோ பலகை தேன்கூடுபோல் குடையப்பட்டிருக்கும். நன்னீரில் அப்புழு பிழைத்திராது என்பது உண்மையே; ஆனால் அது தின்றுபோன மரம் திரும்ப வருவதில்லை. பலகைச் சந்துகளில் அடைத்த பஞ்சும் குங்கிலியமும் உதிர்ந்திருந்தால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். அது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலைதான்.

பைபர் படகோ வேறு வகையில் ஏமாற்றும். கண்ணாடி நாரையும் ரெசினையும் அடுக்கடுக்காகப் படிய வைத்துச் செய்வதாகையால், அடுக்குகள் பிரிந்துவிட்டாலும் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பாற் பிடித்து அடிப்பகுதி முழுவதும் சாணுக்குச் சாண் தட்டிச் செல்ல வேண்டும். ஓசை மழுங்குமிடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது அல்லது நீர் கசிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பின்புறப் பலகையின் உள்ளே பெரும்பாலும் மரத்தையே வைத்து மேலே நார் ஒட்டியிருப்பர். எஞ்சின் பூட்டிய திருகாணித் துளைகளின் வழியே நீர் புகுந்து அம்மரம் அழுகியிருக்கும். அப்பலகையின் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் உலுக்கினால் அசைவு தெரியக் கூடாது. மணலில் இழுத்து இழுத்து அடிமுதுகு தேய்ந்து நார் வெளிப்பட்டிருக்கிறதா என்று படகைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கவிழ்க்க ஒப்பாத வியாபாரியிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டியதில்லை. படகு மூழ்காதிருக்க வைத்த அடைப்பறைகளுக்குள் நீர் ஊறியிருந்தால், அதன் எடையே அதைக் காட்டிக்கொடுக்கும். அதே அளவுள்ள வேறொரு படகைத் தூக்கிப் பார்த்து ஒப்பிட்டால் விளங்கும். புதிதாகப் பூசிய வர்ணம் நல்ல அடையாளமன்று. விற்கப்போகும் படகுக்கு வர்ணம் பூசுகிறவன் எதை மறைக்கிறான் என்று கேட்பது அநியாயமாகாது.

2004 டிசம்பர் 26-ல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு, படகிழந்த கரையோரக் குடும்பங்களுக்குச் சர்க்காரும் தருமஸ்தாபனங்களும் மிகப் பல பைபர் படகுகளை வழங்கின. நோக்கம் மேலானது. எனினும் அவசரத்தில் கட்டப்பட்டவற்றுள் தரங்குறைந்தவையும் இருந்தன. ஆதலின், படகு யார் கட்டியது, எந்த ஆண்டு கட்டியது என்று கேட்டறியாமல் விலை பேசுவது தகாது.

மேற்சொன்ன எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சோதனை ஒன்றுண்டு. அதற்குச் செலவும் இல்லை. படகைத் தரையில் இரண்டு கட்டைகளின் மேல் ஏற்றி, உள்ளே ஒரு சாண் உயரம் தண்ணீர் ஊற்றி, அரைநாள் விட்டுப் பார்ப்பது. ஓட்டையும் விரிசலும் வெளிப்புறத்தில் ஈரக்கோடாகத் தாமே தம்மைக் காட்டும். நெடுநாள் வெயிலில் காய்ந்த மரப்படகு மட்டும் முதல் நாள் ஒழுகும். பலகை ஊறினால் சந்து இறுகிவிடும். அதனால் அதற்கு இரண்டு நாள் தவணை கொடுத்த பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிறகு இடுப்பளவு நீரில் இறக்கி, மணல் மூட்டைகளைப் பாரமேற்றி ஓரிரவு கட்டிவைப்பது. கடைசியாக, மூட்டைகளை இறக்கிவிட்டு வேண்டுமென்றே அதை நீரால் நிரப்பி, மூழ்காமல் மிதக்கிறதா என்று பார்ப்பது. நிரம்பியும் மிதக்கும் படகைப் பற்றிக்கொண்டு மனிதன் உயிர் தப்பலாம்.

எஞ்சின் விஷயத்தில் நீண்ட பேச்சு வேண்டாம். ஆழங்குறைந்த மணலாற்றில் விசிறி தரையில் மோதும். குளிர்நீரோடு மணலும் உறிஞ்சப்பட்டு உட்பாகங்கள் தேயும். உப்புநீரில் உழைத்த பழைய எஞ்சினை முதற் படகோடு சேர்த்து வாங்குகிறவன் இரண்டு நோயாளிகளை ஒரே நாளில் வீட்டுக்குக் கொண்டுவருகிறான்.

காகிதமும் பார்க்க வேண்டும். கடற்படகுகள் 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்க வேண்டியவை. பதிவுப் பத்திரத்திலுள்ள பெயரும் விற்பவன் பெயரும் ஒன்றுதானா, அதன்மேல் கடன் பாக்கி உண்டா, மானியத்தில் பெற்றதாயின் விற்க அனுமதி உண்டா என்பவற்றை எழுத்து மூலம் தெரிந்துகொள்க. இந்தப் பக்கத்திலும் விசாரிக்க வேண்டியதுண்டு. ஏரியில் மீன்பிடி உரிமை யார் குத்தகையில் இருக்கிறதென்று அறியாமல் படகு வாங்கினால், படகு இருக்கும், இறக்கத் தண்ணீர் இராது. கரைவெட்டி ஏரி பறவைகள் சரணாலயம். 2024-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது. அங்கே வனத்துறையின் விதிகளே செல்லும்.

இனிப் பணம். ஒரு படகின் விலை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையிலிருந்து கொண்டுவர லாரி வாடகை 8,000. பின்பலகையும் அடியும் பழுதுபார்க்க 15,000. வலை, கயிறு, துடுப்பு 12,000. உயிர்காப்பு உடுப்புகள் 3,000. ஆக 68,000. படகின் விலை மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. 30,000-க்கு மட்டும் பணம் திரட்டியவன் மீதிக்கு எங்கே போவான்? மீன் வியாபாரியிடந்தான். வியாபாரி வட்டி கேட்பதில்லை. மீனைத் தனக்கே கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறான். சந்தையில் கிலோ 150 ரூபாய் விற்கும் மீனுக்கு அவன் 120 கொடுத்தால், நாளொன்றுக்குப் பத்துக் கிலோ பிடிப்பவன் 300 ரூபாய் இழக்கிறான். நூறு நாள் தொழில் செய்தால் இழப்பு 30,000. படகின் விலை முழுவதும் வட்டியென்ற பெயரே இல்லாமல் போய்விட்டது. வாங்கிய முதல் அப்படியே நிற்கிறது.

சென்னை மாகாணத்தில் இவ்விரண்டு துறைகளும் ஒரே மனிதரின் கவனத்தைப் பெற்றன என்பது கருதத்தக்கது. குடியானவனின் கடனைப் பற்றி ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை சமர்ப்பித்து, 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிகாட்டிய சர் பிரடெரிக் நிக்கல்சன் என்பவரே, பிறகு 1907-ல் மாகாண மீன்துறை தொடங்கியபோது அதன் தலைமையிலும் இருந்தார். வலையைத் திருத்துவதோடு கடனையும் திருத்தாவிட்டால் மீனவன் கையில் ஒன்றும் தங்காது என்பது அப்பொழுதே தெளிவாயிருந்தது.

ஆதலின் சங்கம் படகுக்குக் கடன் கொடுப்பதாயின், விலைக்கு மட்டும் கொடுத்து நின்றுவிடலாகாது. பழுதும் வலையும் உயிர்காப்பு உடுப்பும் சேர்ந்த மொத்தக் கணக்குக்கே கொடுக்க வேண்டும். தவணையும் மாதந்தோறும் ஒரே அளவாக இராமல், மீன் கிடைக்கும் மாதங்களில் அதிகமாகவும், மணல் தெரியும் மாதங்களில் இல்லாமலும் அமைய வேண்டும். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளிகளுக்குப் பொதுப்பிரிவில் நூற்றுக்கு 40, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு நூற்றுக்கு 60 என்ற அளவில் மானியம் வகுக்கப்பெற்றது. பழையதற்குக் கைப்பணத்தைச் செலவழிக்குமுன், புதிதுக்கு இப்பொழுது என்ன உதவி கிடைக்குமென்று மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒரு நடை விசாரித்து வருவதில் நஷ்டமில்லை. விசாரித்த பிறகு பழையதே மலிவு என்று தெரிந்தால் தாராளமாக வாங்கலாம்.

தனித்தனியே மூன்று பேர் மூன்று மட்டமான படகுகள் வாங்குவதைக் காட்டிலும், மூவர் கூடி ஒரு நல்ல படகு வாங்குவது மேல் என்று சொல்வது எளிது, நடத்துவது கடினம். யார் எந்த நாள் எடுப்பது, வலை கிழிந்தால் யார் செலவு, படகு யார் வீட்டு வாசலில் கிடப்பது என்பவற்றில்தான் சண்டை மூளும். ஆகையால் பணம் கைமாறுவதற்கு முன்னரே இவற்றை எழுதி மூவரும் கையொப்பமிட்டுச் சங்கத்தில் ஒரு பிரதி வைப்பது அவசியம்.

வாங்கும் காலம் பங்குனி, சித்திரை. அப்பொழுது ஆற்றிலும் ஏரியிலும் நீர் குறைந்து படகுகள் கரையேறிக் கிடப்பதால் அடியைப் பார்ப்பது எளிது. விற்பவனுக்கும் பணமுடை இருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அதற்குள் பழுதுபார்த்து, ஆனி மாதத்தில் ஏதேனும் ஒரு குட்டையில் பாரமேற்றிச் சோதித்து, குறை கண்டால் திருத்தி, ஆடியில் புதுவெள்ளம் வரும்போது முதலில் கரையோரத்தில் மட்டும் ஓட்டிப் பழகுவது நன்று. சோதனை நடக்கும் நாளில் படகறிந்த மீனவர் ஒருவரைச் சங்கம் தன் செலவில் வரவழைத்து, அவர் சொன்ன குறைகளை நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்த பின்னரே கடைசித் தவணைப் பணத்தை விற்பவனிடம் கொடுக்க வேண்டும்.