நான் படித்தது கொம்பியூட்டர் அல்ல

(நமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



என்னை அறிமுகம் செய்த தங்கை, நான் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கொம்பியூட்டர் படித்தவள் என்றார். அது அவருடைய பிழையல்ல. முப்பது வருடமாக எங்கள் வீட்டார் ஊருக்குச் சொல்லி வந்த கதை அது. இந்த மேடையிலாவது திருத்திவிடுகிறேன். நான் படித்தது மொழியியல்.

அங்கே துறைகளை இலக்கத்தால் அழைப்பார்கள். மின் பொறியியலும் கணினி விஞ்ஞானமும் 6. மொழியியலும் மெய்யியலும் 24. 1990களின் தொடக்கத்தில் 6க்கென்று போன நான் 24க்கு மாறினேன். அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். "கலைப்பாடம் படிக்கவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று பதில் வந்தது.

கேள்வி நியாயமானதுதான். 1861இல் தொடங்கிய அந்த நிறுவகம் பொறியியலுக்கே பேர்போனது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கிருந்தவர்களே தங்கள் கல்விமுறையை மீள யோசித்தார்கள். இரசாயனப் பொறியியல் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் அமைந்த குழு 1949இல் அறிக்கை தந்தது. 1950இல் மனிதப் பண்பியலுக்கும் சமூகக் கல்விக்கும் தனிப் பீடம் அமைந்தது. இன்று அங்கே பொறியியல் மாணவியும் இலக்கியம், வரலாறு, இசை, பொருளியல் போன்றவற்றில் 8 பாடங்கள் படித்தே பட்டம் பெறுகிறாள். எங்களுக்கும் தப்பில்லை. நுண்கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் எல்லோருக்கும் கட்டாயம். கணிதத்துக்குப் பயந்து கலைக்கு ஓட அங்கே வழியே இல்லை.

எங்கள் மொழியியல் துறை 20ஆம் இலக்கக் கட்டிடத்தில் இருந்தது. 1943இல் ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரமாகக் கட்டிய மரக் கட்டிடம். தற்காலிகம் என்று கட்டியதை 1998இல்தான் இடித்தார்கள். நோம் சோம்ஸ்கி பணியாற்றியதும் அந்தப் பலகைச் சுவர்களுக்குள்தான்.

ஒருநாள் பசியைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். "எனக்குப் பசிக்கிறது" என்று கரும்பலகையில் எழுதினேன். இதில் எழுவாய் எது? ஆங்கிலத்தில் பசிப்பவரே எழுவாய். தமிழில் அவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். வினையும் அவரோடு இயைவதில்லை. ஒரு மணித்தியாலம் வாதம் நடந்தது. அதிகம் வாதிட்டவன் பக்கத்தில் இருந்த பொறியியல் மாணவன். கணினிக்கு மொழியை விளங்கவைக்க அவனுக்கு விடை வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பில் நமது தமிழ் ரீச்சர் வேற்றுமை உருபுகளைச் சொல்ல வைத்தபோது யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பாடந்தான் அன்று கைகொடுத்தது.

பிற்காலத்தில் அப்பா என் கட்டுரையைக் கேட்டு வாங்கி வாசித்தார். ஆனாலும் உறவினரிடம் "கொம்பியூட்டர்" என்றே சொன்னார். நானும் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு வெட்கம். கலைப்பாடத்தை விரும்பிய தங்கைமார் சிலருக்காவது, வீட்டில் எடுத்துச் சொல்ல என் பெயர் உதவியிருக்கும்.

நம் நாட்டில் சாதாரண தரம் முடிந்ததும் பிள்ளை ஒரு பிரிவுக்குள் போய்விடுகிறாள். அந்த முறையை இந்த மண்டபத்தில் இருந்து மாற்ற முடியாது. ஆனால் தங்கைமாரே, கணிதப் பிரிவுக்குப் போனாலும் கதைப் புத்தகத்தை மூடிவைக்காதீர்கள். கலைப் பிரிவுக்குப் போனாலும் கணக்கைக் கைவிடாதீர்கள். அக்காமாரே, மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், உள்ளதைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.