சேர்ந்து நடந்தால் ஊர் தெரியும்



இன்றைய பேச்சு நடப்பதைப் பற்றியது. "நடப்பதில் பேச என்ன இருக்கிறது? தினமும்தான் நடக்கிறோமே!" என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான். தண்ணீருக்கு நடக்கிறார்கள். கடைக்கு நடக்கிறார்கள். வேலைக்கு நடக்கிறார்கள். ஆனால் ஊரைப் பார்ப்பதற்கென்றே பத்துப் பேர் சேர்ந்து, காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பும் நடை வேறு. அது ஒரு படிப்பு. கேம்பல் பே மக்களுக்கு அது உயிர் காக்கும் படிப்பு.

கேம்பல் பே பெரிய நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. இந்தியாவின் தென்கோடித் தீவு அது. தீவின் பெரும் பகுதி காடு. அங்கே உயரமான மலை துல்லியர் மலை. அதன் உயரம் 642 மீட்டர். கலத்தியா, அலெக்சாண்ட்ரா, டாக்மார் என்ற ஆறுகள் காட்டின் வழியே ஓடிக் கடலில் சேருகின்றன.

ஷோம்பென் மக்களும் நிக்கோபாரி மக்களும் தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவில் வாழ்பவர்கள். 1969 முதல் முன்னாள் ராணுவ வீரர்களின் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன. பஞ்சாபிலிருந்து வந்தார்கள். மகாராஷ்டிரத்திலிருந்து வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்கு இந்த மண் புதிது. புது மண்ணை நடந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த மாதத்தில் நடப்பது நல்லது? தமிழ்நாட்டில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் காலம். பெரிய நிக்கோபாரில் கணக்கு வேறு. இங்கே இரண்டு பருவ மழையும் பெய்யும். தை முடிந்து மாசி, பங்குனியில்தான் மழை குறையும். பாதை காயும். ஓடைத் தண்ணீர் தெளியும். மே மாதத்தில் மறுபடி மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே மாசியும் பங்குனியும்தான் இங்கே நடைக்கு ஏற்ற வசந்த காலம்.

அந்த மாதங்களில் பார்ப்பதற்கும் நிறைய உண்டு. விடியற்காலையில் மணற்கரையில் அகலமான தடம் தெரியும். டிராக்டர் போனது போல இருக்கும். அது ஏழுவரி ஆமையின் தடம். கடல் ஆமைகளில் மிகப் பெரியது இதுதான். இரவில் கரையேறி, குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளியே வரும்.

கரையோரக் காட்டில் மண்ணும் இலையும் குவிந்த மேடுகள் இருக்கும். அவற்றை யாரும் குப்பை என்று நினைக்கக் கூடாது. அவை மேகபோட் பறவையின் கூடுகள். கோழி அளவுள்ள இந்தப் பறவை அடைகாப்பதில்லை. மேட்டின் சூட்டிலேயே முட்டை பொரியும். ஆமையையும் இந்தப் பறவையையும் சட்டம் காக்கிறது. இவற்றின் முட்டையை எடுப்பது குற்றம்.

ஆற்றோரம் நடக்கும்போது கவனம் வேண்டும். இங்குள்ள ஆறுகளிலும் கழிமுகங்களிலும் உப்புத்தண்ணீர் முதலை உண்டு. அது 5 மீட்டருக்கு மேலும் வளரும். தண்ணீருக்குள் அசையாமல் கிடக்கும். கேம்பல் பே பகுதியில் மகர் நாலா என்று ஓர் ஓடை இருக்கிறது. இந்தியில் மகர் என்றால் முதலை. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பெயரின் பொருள் தெரிந்தவர் கால் வைக்கும் முன் யோசிப்பார்.

எச்சரிக்கைப் பலகை இருந்தால் குழு நிற்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி படித்துச் சொல்ல வேண்டும். பலகை இல்லை என்பதால் முதலையும் இல்லை என்று பொருள் அல்ல.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி அளவில் நிலம் அதிர்ந்தது. பிறகு சுனாமி வந்தது. கடற்கரைக் குடியிருப்புகள் அழிந்தன. சாலை உடைந்தது. தீவின் தென்முனையான இந்திரா முனையில் நிலமே 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கரையில் இருந்த கலங்கரை விளக்கைக் கடல் சூழ்ந்துகொண்டது. அன்று மேட்டுக்கு ஏறியவர்கள் பிழைத்தார்கள்.

இந்தோனேசியாவில் சிமுலு என்று ஒரு தீவு இருக்கிறது. 1907-ல் அங்கே சுனாமி வந்து பலர் இறந்தார்கள். அந்தக் கதையைத் தாத்தா பாட்டிகள் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓட வேண்டும் என்பதுதான் கதை. 2004-ல் சிமுலுவில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள். சுனாமியில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே என்று பிறகு கணக்கிட்டார்கள். மற்றவர்களைக் காத்தது கதை மட்டும் அல்ல. மலைக்குப் போகும் வழியும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கேயும் அப்படித்தான். மேட்டுப் பாதை எங்கே தொடங்குகிறது? எந்த ஓடையைத் தாண்ட வேண்டும்? கிழவியும் கைக்குழந்தையும் ஏறிப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஆபத்து வந்த பிறகு இதைத் தேட முடியாது. நல்ல நாளில் சேர்ந்து நடந்து பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. கலத்தியா ஆறு கடலில் சேரும் இடத்தில் பெரிய துறைமுகம் கட்டும் திட்டத்துக்கு 2022-ல் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் கரையும் அதே இடம்தான். வேலை கிடைக்கும், வசதி வரும் என்கிறார்கள் சிலர். காடும் கரையும் போய்விடும் என்கிறார்கள் சிலர். யார் எதைச் சொன்னாலும், இடத்தை நேரில் அறிந்தவரின் கேள்விக்கு வலு அதிகம்.

நடைக்குக் கிளம்பும் முன் சில ஏற்பாடுகள் தேவை. பழங்குடி மக்களுக்கு ஒதுக்கிய பகுதியிலும் தேசியப் பூங்காவிலும் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. இடம் தெரிந்த ஒருவர் முன்னால் நடக்க வேண்டும். இன்னொருவர் கடைசியில் வர வேண்டும். கிளம்பும்போதும் திரும்பும்போதும் தலைகளை எண்ண வேண்டும். குடிநீரும் கட்டுச்சோறும் கையில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். நடந்த வழி, ஓடையின் பெயர், மேடு இருக்கும் இடம் எல்லாவற்றையும் அதில் எழுதி வைக்கலாம். புதிதாக எழுதக் கற்றவர் கையால் எழுதிய அந்தப் பக்கம், நாளை ஒரு பிள்ளைக்கு வழி காட்டும்.